நான் திருத்திக் கொடுத்த கடிதம்

இரண்டு வருடங்களுக்கு முன், இலை கொட்டும் காலத்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் ஒன்றில், தென் லண்டனில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட நடையில் இருக்கும் ஒரு பூங்காவில், ஓக் மரத்தடியில் பதினொரு பேர் வட்டமாக நின்றோம். என் கையில் தேனில் செய்த மது நிரம்பிய ஒரு மாட்டுக் கொம்பு இருந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு அதைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா அதற்கும் முன்பே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்பா ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார், அம்மா அலுவலகங்களைத் துடைத்தார். வீட்டுக்கு வரும் கடிதங்களை ஏழு வயதிலிருந்தே நான்தான் வாசித்து விளக்கம் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன். இப்போது ஒரு கவுன்சிலில் வேலை. பொதுமக்களுக்குப் போகும் கடிதங்களை எழுதுவதே என் பொறுப்பு. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அதை மறைக்கப் போவதில்லை.

கோயிலுக்குப் போகாத வீடு இல்லை எங்களுடையது. ஆனால் அங்கே அன்ரிமார் என்னைக் கண்டதும் முதலில் கேட்பது, "பிள்ளை, ஊரில எந்தப் பக்கம்?" ஊரின் பெயரைச் சொன்னாலும் விடமாட்டார்கள். ஊருக்குள் எந்த மூலை, எந்தக் கோயிலடி என்பது வரை போவார்கள். சாதியைக் கேட்கும் மரியாதையான வழி அது என்று எங்கள் ஆட்களில் எல்லோருக்கும் தெரியும். பதிலைக் கேட்டதும் அவர்கள் சிரிப்பில் வரும் சின்ன மாற்றத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

ஒரு குளிர்காலத்தில் அந்தப் பூங்காவைக் கடந்து நடக்கும்போது, ஒரு சிறு கூட்டம் மரத்தின் வேரில் பாலும் தேனும் ஊற்றுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். கிறிஸ்தவம் வருவதற்கு முன் இந்த நாட்டிலும் வட ஐரோப்பாவிலும் கும்பிட்ட பழைய தெய்வங்களை இன்று மறுபடி கும்பிடுகிறவர்கள் அவர்கள். அந்தத் தெய்வங்களின் கதைகளைப் பல்கலைக்கழகக் காலத்திலேயே வாசித்திருந்தேன். கும்பிடுகிற ஆட்களை நேரில் கண்டது அன்றுதான். தலைவர் அறுபது வயதுத் தச்சர். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, குளிருகிறதா என்று. தன் கையுறையைக் கழற்றித் தந்தார். யார், எங்கே, எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் போனேன்.

அம்மா தலையில் கை வைத்தார். "உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரனே வேண்டாமெண்டு விட்ட சாமியை நீ போய்க் கும்பிடுறாய்! கோயிலில அம்மாளாச்சியிட்டைச் சொல்லிப்போட்டே போறாய்?"

"ஓம் அம்மா, கேட்டனான். அவ போயிட்டு வா எண்டவ."

கூட்டத்தின் முடிவில் கொம்பு சுற்றும். முதல் சுற்றில் ஒரு தெய்வத்தின் பெயர், இரண்டாவதில் இறந்துபோன யாராவது ஒருவரின் பெயர், மூன்றாவதில் ஒரு சபதம். சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்துப் பக்கத்து ஆளிடம் கொடுப்போம். கொம்பு வைத்திருப்பவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. அதைக் கீழே வைக்கவும் முடியாது. அடி கூராக இருப்பதால் சாய்ந்து கொட்டிவிடும். இன்னொரு கை வாங்கும்வரை அது உங்கள் கையில்தான்.

ஒரு வருடத்துக்குள் கூட்டத்தின் கடிதங்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. எங்களில் நன்றாக எழுதுகிறவள் நீதான் என்றார் தலைவர். இந்த நாட்டுக்காரர்கள் தங்கள் இங்கிலீஷைத் திருத்த என்னிடம் தருகிறார்கள் என்பதை அப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை அவருக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் ஒரு புதியவர் வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க பஸ் ஓட்டுநர். கறுப்பினப் பெண், தாய் தகப்பன் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு முன்னால் சிரிப்பு வரும். உனக்குப் பிடித்த தெய்வம் எது என்று யாரோ கேட்டதற்கு, "இடி முழக்குகிறவர்தான். அவரும் வண்டி ஓட்டுகிறவர், நானும் வண்டி ஓட்டுகிறவள், ஒரே யூனியன்!" என்றார். எல்லோரும் சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை.

அந்தப் பஸ் ஓட்டுநர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை அவர் கையிலிருந்து கொம்பை வாங்கிய தலைவர், வாயருகே கொண்டுபோய்க் குடிப்பதுபோல் காட்டிவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். நான் பார்த்தேன். தலைவருக்குத் தடிமன், சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் தலைவர் என்னிடம் அரைப் பக்கம் எழுதித் தந்தார். இந்தத் தெய்வங்கள் எங்கள் மூதாதையரின் வழியாக எங்களிடம் வந்தவை, ஆகவே இனிமேல் இந்த வட்டம் அந்த வம்சங்களில் வந்தவர்களுக்கு மட்டும், மற்றவர்கள் தங்கள் முன்னோரின் தெய்வங்களைத் தேடிப் போகட்டும். சாராம்சம் அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனேன். அவர் அதைக் கண்டிருக்க வேண்டும். "இது உன்னைச் சொல்லவில்லை. நீ எங்களில் ஒருத்தி. உனக்கு விதிவிலக்கு என்று எல்லோருக்கும் தெரியும்" என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தது நிம்மதி.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தினேன். நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைத்தேன். முரட்டுச் சொல் ஒன்றை எடுத்துவிட்டு மெல்லிய சொல்லைப் போட்டேன். கடைசியில் "மரியாதையுடன்" என்று சேர்த்ததும் நான்தான். கடிதம் வடிவாக வந்தது. கூட்டத்தின் மின்னஞ்சலிலிருந்து எல்லோருக்கும் நானே அனுப்பினேன்.

அன்று பின்னேரமே பஸ் ஓட்டுநர் எனக்குப் போன் எடுத்தார்.

"இதை எழுதியது நீயா?"

"இல்லை. இங்கிலீஷை மட்டும்தான் திருத்தினேன்."

பின்னால் பஸ்கள் உறுமின. "நன்றாகத் திருத்தியிருக்கிறாய். ஒரு தரம் வாசித்ததுமே விளங்கிவிட்டது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். சோற்றுக்குள் கறியை விட்டபடியே, "உன்னை உள்ளுக்கு விட்டிருக்கினம் தானே? பேசாமல் இரு. மற்றவைக்காக வாயைக் குடுத்து, இருக்கிறதையும் கெடுக்காதை" என்றார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். போன இடமெல்லாம் அப்படிப் பேசாமல் இருந்துதான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் ரயிலில், நின்றுகொண்டே அந்தக் கடிதத்தைப் போனில் திறந்தேன். இந்த முறை பஸ் ஓட்டுநர் வாசிப்பதுபோல் வாசித்தேன். ஷிப்ட் முடிந்து, சீருடை மாற்றாமல், டிப்போவில் நின்று வாசிப்பதுபோல். பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அன்ரிமார் சிரித்துக்கொண்டு கேட்கிற அதே கேள்விதான். அதை நான் நல்ல இங்கிலீஷில், சரியான இடத்தில் புள்ளி வைத்துக் கேட்டிருக்கிறேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனையும் தவறவிட்டேன்.

வட்டத்தை விட்டு விலகுகிறேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் கடிதம் எல்லோருக்கும் போனது. அது தவறு என்பதையும் எல்லோரும் என் வாயால் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அடுத்த கூட்டத்துக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓட்டுநர் வரவில்லை. வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. இரண்டு சுற்று வழக்கம்போல் நடந்தது. மூன்றாம் சுற்றில், சபதத்துக்காகக் கொம்பு என்னிடம் வந்தது. எனக்கு அடுத்ததாகத் தலைவர் நின்றார்.

தயார்ப்படுத்தி வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று. அந்தக் கடிதத்தின் இங்கிலீஷ் என்னுடையது, அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஒருவரின் வம்சத்தைக் கேட்கிற எந்த வரியையும் இனி என் கையால் எழுத மாட்டேன், இதுதான் என் சபதம் என்றேன். பிறகு, "இந்தக் கொம்பை வாங்குகிறவர், அந்தக் கடிதம் வேண்டாம் என்று சொல்லி வாங்கட்டும்" என்றேன்.

தலைவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

யாரோ நடக்கக் கூட்டி வந்த நாய் ஒன்று எங்கள் வட்டத்துக்குள் புகுந்து, என் காலடியில் சிந்தியிருந்த மதுவை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது. கொம்பிலிருந்து வழிந்த மது கோட்டின் கைக்குள் இறங்கி முழங்கை வரை பிசுபிசுத்தது.

குறுக்கே பேசக் கூடாது என்ற வழக்கத்தைத் தலைவரே உடைத்தார். "உன்னைச் சொல்லவில்லை என்று அன்றைக்கே சொன்னேனே!"

"அப்படியென்றால் யாரைச் சொன்னீர்கள்?"

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள், இவர்களும் கேட்கட்டும்."

அவர் சொல்லவில்லை. நாங்கள் யாரையும் வெறுப்பவர்கள் இல்லை என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னார். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். எதிரில் நின்ற தாடிக்காரர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. "கும்பிடுகிற இடத்தில் எதற்கு அரசியல்?" என்றார். கடிதம் வந்த அன்று இதைக் கேட்டிருக்கலாமே என்றேன். அவர் கொம்பை வாங்க வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தோள் வலித்தது. ஒருவரும் வாங்காவிட்டால் இப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவேன், அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்து சிரிப்பும் வந்தது. அப்போது வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நடுவால் நடந்து வந்தார். நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு வருடத்தில் என்னோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். வட்டத்தை யாரும் நடுவால் கடப்பதில்லை. அவர் கடந்து வந்து, என் கையோடு சேர்த்துக் கொம்பைப் பிடித்தார். "எனக்கு அந்தக் கடிதம் வேண்டாம். வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை."

அவர் குடித்தார். பிறகு நான்கு பேர், ஒவ்வொருவராகச் சொல்லி வாங்கினார்கள். மற்ற ஐந்து பேர் வாங்கவில்லை. கொம்பு தலைவர் தன் கையால் செதுக்கியது, அவருக்கே சொந்தம். மிச்சத்தை வழக்கப்படி மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு அவரிடம் கொடுத்தேன். வாங்கி, கழுத்துச் சால்வையால் துடைத்துப் பைக்குள் வைத்தார். நான்கு பேர் அவரோடு போனார்கள். முதல் நாள் குளிரில் எனக்குக் கையுறை தந்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரே மனிதரிடம் வைத்துப் பார்க்க எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்றே எல்லோருக்கும் இன்னொரு கடிதம் அனுப்பினேன். நான்கு வரி. முந்தைய கடிதம் தவறு, அதன் வார்த்தைகள் என்னுடையவை, மன்னிப்புக் கேட்கிறேன் என்று என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த கிழமை பஸ் ஓட்டுநரை டூட்டிங்கில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றுக்குக் கூப்பிட்டேன். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் சீருடையோடு வந்தார். மட்டன் ரோல்ஸைக் கடித்துவிட்டு, உறைப்பில் கண்ணில் தண்ணீர் வர, "உங்கள் தெய்வங்களுக்கு இதையா படைக்கிறீர்கள்? பாவம் அவர்கள்" என்றார். நடந்ததை எல்லாம் சொன்னேன். நீ செய்தது சரி என்றார். பிறகு, நான் கேட்காமலே, "ஆனால் நான் வரமாட்டேன்" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"கிழமையில் எனக்கு ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கு நான் கும்பிட வந்தேன். மற்றவர்கள் பாடம் படிப்பதற்காக வரவில்லை." தேநீரைக் குடித்து முடித்தார். "மூன்று கிழமை எடுத்திருக்கிறது உனக்கு, அதைச் சொல்ல." பஸ் மூன்று நிமிடம் பிந்திவிட்டது என்பதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னார். இன்னும் இரண்டு ரோல்ஸ் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

எங்கள் வட்டம் இப்போதும் அதே மரத்தடியில் கூடுகிறது. ஆறு பேராக நின்றோம், இப்போது ஒன்பது பேர். யாருடைய வம்சத்தையும் இங்கே யாரும் கேட்பதில்லை என்பதுதான் எங்கள் விதிகளில் முதல் வரி. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நானே வாசித்துக் காட்டுகிறேன். அவர் வரவில்லை. பஸ் ஓட்டுநர் சொன்ன மூன்று கிழமைக் கணக்கும் சரிதான். அந்த மூன்று கிழமையும் அவரை வெளியே நிறுத்தி வைத்தது என் வசனம்தான். பிறகு நான் எவ்வளவு நேரம் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அந்த நாட்கள் அவருக்குத் திரும்பப் போவதில்லை.

இப்போது வேலையிடத்தில் யாராவது இங்கிலீஷை மட்டும் கொஞ்சம் பார் என்று ஒரு கடிதத்தைத் தந்தால், முதலில் அதைத் திறக்கப்போகிறவரின் இடத்தில் இருந்து வாசிக்கிறேன். இரண்டு கடிதங்களைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்திருக்கிறேன், காரணத்தையும் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் என்ற பெருமை எனக்குக் குறையவில்லை; ஆனால் எதை எழுத மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் அந்தப் படிப்பு முழுதாக என்னுடையதாயிற்று என்று நினைக்கிறேன்.