அக்காவின் பிக்கப்புக்கு மாற்றிய ஸ்டியரிங்

இன்று அக்கா இறந்து பதினாறாம் நாள். வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி எழுதித் தரும்படி வீட்டில் சொன்னார்கள். ஒரே தம்பி என்பதால் நான் எழுதுகிறேன்.

அக்கா தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனார். என்னைப் படிக்க வைத்தவர் அவரே. மணமாகிப் பதினான்கு வருடம் வாழ்ந்தார், பிள்ளைகள் இல்லை. மச்சான் மாரடைப்பில் மறைந்தபோது அவர் ஓட்டிய பழைய பிக்கப் மிஞ்சியது. விற்கச் சொன்னோம். அக்கா லைசன் எடுத்துத் தானே ஓட்டத் தொடங்கினார். போஞ்சி, லீக்ஸ் என்று மரக்கறிகளைப் பதுளைச் சந்தைக்கு ஏற்றினார். வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த வண்டியிலேயே பிறந்த பிள்ளையொன்று இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

கடந்த வருடம் ஈரல் நோயால் அவருக்கு வயிற்றில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. ஒரு நாள் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழைய முடியாமல் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"போதும்க்கா, வித்துரலாம்" என்றேன்.

"ஏறி உக்காரத்தான் முடியல. ஓட்ட முடியும்" என்றார்.

பதுளையில் கராஜ் வைத்திருக்கும் ஜமால் நானாவிடம் போனேன். விபத்தில் நசுங்கிய வேனொன்றிலிருந்து, மேலே தூக்கிச் சாய்க்கக்கூடிய ஸ்டியரிங்கைத் தண்டோடு கழற்றி வந்தார். பிக்கப்பில் வைத்துப் பார்த்தபோது தண்டு மூன்று அங்குலம் குட்டையாக இருந்தது.

"வெல்டிங் வச்சு நீட்டிருங்க நானா."

"ஸ்டியரிங் தண்டுல வெல்டிங் வைக்க மாட்டேன் தம்பி. எல்லவுக்குப் போற மலை ரோட்டு வளைவுல ஒட்டு விட்டுச்சுன்னா என்ன செய்வீங்க?"

பொருத்தமான இணைப்பைத் தேடி ஐந்து வாரம் போனது. அதற்குள் அக்காவின் கைகால்கள் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் குறையவில்லை.

வேலை முடிந்த அன்று நெம்புகோலை இழுத்ததும் ஸ்டியரிங் மேலே எழுந்தது. அக்கா ஏறி உட்கார்ந்து, அதைத் தன் அளவுக்கு இறக்கிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதவை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"கைய எடுப்பா. நான்தான ஓட்டுறேன்" என்றார்.

நான்கு முறை ஓட்டினார். நான்காம் முறை பதுளையிலிருந்து திரும்பியதும் சாவியை என்னிடம் கொடுத்தார். "இனி முடியாது" என்றார். அதிலிருந்து ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்மூடினார்.

சாவு வீட்டில் ஜமால் நானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் வெல்டிங் வச்சிருந்தா இன்னும் ஒரு மாசம் ஓட்டிருப்பாங்க" என்றார். அதற்கான பதிலை இங்கே சொல்கிறேன். நானா, நீங்கள் மறுத்ததை அன்றே அக்காவிடம் சொன்னேன். "அவர் செய்றது சரி. பின்னால ஆளுங்க ஏறுவாங்கல்ல" என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த லயத்துப் பெண்களுக்கும், மழையில் பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பியவர்களுக்கும் எங்கள் நன்றி. நான் அழவில்லை என்று பலர் கவலையோடு விசாரித்தீர்கள். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். வேலைக்கும் போகிறேன். இதை எழுதும்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அழுகை ஒருநாள் வரும் என்கிறார்கள். வரும்போது என்னால் பேச முடியாமல் போகலாம். அதனால்தான் நன்றியை இப்போதே சொல்லி வைக்கிறேன்.