படகுக் கண்ணாடிக்கு ஒரு பஸ் ரப்பர்

எங்கள் படகு சின்னது. சீர்காழிக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில் கட்டிக் கிடக்கும். நின்று ஓட்ட ஒரு சிறிய அறை, அதன் முன்னால் கண்ணாடி, அதைத் துடைக்க ஒரு வைப்பர். அந்த ஆண்டு வைப்பரின் ரப்பர் உப்பிலும் வெயிலிலும் காய்ந்து பிய்ந்துவிட்டது. மோட்டார் ஓடும்; வெறும் தகடு கண்ணாடியைச் சுரண்டும். மழையில் முகத்துவாரத்துக்குள் நுழையும்போது என் கணவர் தலையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருக்கும்.

நாகப்பட்டினத்தில் விசாரித்தார். ரப்பரைத் தனியாகத் தரமாட்டார்களாம், முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். விலையைக் கேட்டுவிட்டு டீகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

நான் வாரம் ஒருமுறை கருவாட்டுக் கூடையோடு சீர்காழிக்குப் போய் வருவேன். ஐப்பசியில் ஒருநாள் திரும்பி வரும் பஸ் வழியில் நின்றுவிட்டது. முன்னால் மறியல். குறுவை அறுப்புக்கு உள்ளூர்க்காரர்கள் கூலி உயர்த்திக் கேட்க, மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டாராம். பெண்கள் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு தூறலில் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் கருவாடு வாங்கும் இருவர் அதில் இருந்தார்கள். இறங்கிப் போய், விற்காமல் மீந்ததில் பாதியைக் கொடுத்தேன்.

"இப்ப இது வேறயா?" என்று ஒருத்தி சிரித்தாள். ஆனாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுபடி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் வைப்பரை ஓடவிட்டிருந்தார். ஒரே வீச்சில் கண்ணாடி பளிச்சென்றானது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அண்ணே, இந்த ரப்பர் மட்டும் தனியா கிடைக்குமா?"

"உங்களுக்கு எதுக்கும்மா?"

படகு விஷயத்தைச் சொன்னேன். அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பஸ் நகராததால் அவருக்கும் பேச்சுத் துணை வேண்டியிருந்தது.

"தகட்டை ஏன் மாத்துறீங்க? பழசை உருவிட்டு வேற ரப்பரைச் செருகினா போதும்." சீட்டுக்கு அடியில் துழாவி, கழற்றிப் போட்ட ரப்பர் ஒன்றை எடுத்தார். ஒரு முனை கிழிந்திருந்தது. "எனக்கு இது ஆகாது. உங்க கண்ணாடி சின்னதுதானே? நல்லா இருக்கற பக்கத்தை வெட்டிக்குங்க."

மீதிக் கருவாடு அவருக்குப் போயிற்று.

பொழுது சாய்வதற்குள் தாசில்தார் ஜீப்பில் வந்தார். உள்ளூர் ஆட்களே அறுப்பது என்றும், கூலியை உட்கார்ந்து பேசுவது என்றும் முடிவானது. பெண்கள் எழுந்து, புடவையைப் பிழிந்துகொண்டு வழிவிட்டார்கள்.

"பஸ் ரப்பரா? இனிமே போட்டுக்கு ஒரு கண்டக்டரும் வேணும்" என்றார் கணவர், அன்றிரவு அதைக் காட்டியதும்.

மறுநாள் காலையில் மீன் வெட்டும் கத்தியால் அளவாக வெட்டினேன். தகட்டின் பிடி அகலமாக இருந்ததால் ரப்பர் நழுவியது; குறடால் பிடியை நெருக்கியதும் நின்றது. வைப்பரின் துருப்பிடித்த கம்பிக் கைக்கு அவர் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கிரீஸ் தடவினார். ஓடவிட்டால் கிறீச்சென்று ஒரே சத்தம். கண்ணாடியில் படிந்திருந்த உப்புதான் காரணம். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் அடங்கியது.

அதிலிருந்து படகு கரை வந்ததும் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் ஒரு குடம் நல்ல தண்ணீர். பிறகு வைப்பரைத் தூக்கி நிறுத்தி, வெயில் படாமல் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிடுவேன். அடுத்த மழையில் அவர் தலையை உள்ளேயே வைத்துக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டி வந்தார். பக்கத்துப் படகுக்காரர்கள் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த ரப்பர் இரண்டு மழைக்காலம் உழைத்தது. அது தேய்ந்ததும் சீர்காழியில் லாரி சாமான் விற்கும் பாய் கடைக்கு நானே போனேன்.

"எந்த லாரிக்கும்மா?" என்று கேட்டார்.

"லாரி இல்லீங்க பாய், போட்டு."

"அப்ப தண்ணியில ஓடுற வண்டிக்கு எது நல்லா நிக்குதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்று ரப்பர் பெட்டியையே என் முன்னால் நகர்த்தி வைத்தார்.