பத்து வரை எண்ணு

டிப்ளமோ முடித்து எட்டு மாதம் சும்மா இருந்தேன். பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தெருமுனையில் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர்கள்தான் எனக்கும் இரண்டு நண்பர்களுக்கும் ஆபீஸ். வெட்டியாக இருப்பது சுகம் என்பவர்கள் எட்டு மாதம் இருந்து பார்க்கட்டும். கை அரிக்கும். எதையாவது உடைக்கத் தோன்றும்.

சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டபடியே, "இன்னிக்கு என்னடா பண்ணே?" என்பார். பஸ்ஸிலிருந்து விழுந்து இடப்பக்கப் பற்கள் போனதால் வலப்பக்கம்தான் மெல்லுவார். "ஒண்ணுமில்லப்பா" என்பேன்.

அப்போதுதான் அந்த விளையாட்டு தொடங்கியது. சாப்பாடு டெலிவரி செய்பவர்கள் இந்தியில் வழி கேட்பார்கள். கன்னடத்தில் கேள் என்போம். மூவர் வீட்டிலும் தமிழ்தான். தெருவில் மட்டும் கன்னடத்துக்குக் காவல்காரர்கள். முதலில் சிரித்துவிட்டு வழிவிட்டோம். அதுவும் சலித்ததும், கன்னடத்தில் பத்து வரை எண்ணினால்தான் விடுவோம் என்றோம்.

ஒரு மதியம் வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நான்கோடு நின்றுவிட்டார். அவர் போன் விடாமல் அடித்தது. கும்பிட்டுப் பார்த்தார், பிறகு வண்டியைக் கிளப்பினார். நான் சாவியைப் பிடுங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்ததும், வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்த அவருடைய ஹெல்மெட்டையே எடுத்து அடித்தேன். புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சந்தோஷமாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக என் கைக்கு ஒரு வேலை.

நண்பர்கள் ஓடிவிட்டார்கள். அவர் தரையில் உட்கார்ந்து தலையை மூடிக்கொண்டார். நான் ஹெல்மெட்டை மறுபடி ஓங்கினேன்.

"கீழ வைடா."

அம்மா. அபார்ட்மெண்டில் சமையல் வேலை முடித்து வந்துகொண்டிருந்தாள். நான் கையை இறக்கவில்லை. அவள் கத்தவும் இல்லை.

"உங்கப்பா பல்லு பஸ்ல விழுந்து போகலடா. காவிரித் தகராறப்போ நாலு பசங்க நிக்க வச்சு, கன்னடம் பேசுன்னாங்க. தெரியும் அவருக்கு. பயத்துல வாய் வரல."

என் கை தானாக இறங்கியது. அம்மா முந்தானையால் டெலிவரிக்காரரின் புருவத்தை அழுத்திப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். நான்கு தையல். அவர் போலீசுக்குப் போகவில்லை. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அம்மா நடந்ததை அப்பாவிடம் சொல்லாமலே சப்பாத்தி போட்டாள். அப்பா எதிரே உட்கார்ந்து சப்பாத்தியை வலப்பக்கமாக ஒதுக்கி மென்றபடி, வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னிக்கு என்னடா பண்ணே?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.