ஆளுயர மாமியார் முகம்

காஞ்சிபுரத்தில் கொலு பொம்மை செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு புது செட் போடுகிறவன் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அடுத்தவர் பட்டறையில் காகிதக்கூழ் மிதித்தவன், இன்று சொந்தப் பட்டறையும் மாடி வீடும் கம்ப்யூட்டர் படித்த மகளுமாக நிற்கிறேன் என்றால் அதற்குக் காரணம் என் முகங்கள். மற்றவர்கள் செட்டில் பத்துப் பேருக்கும் ஒரே முகம் இருக்கும், மீசை மட்டும் மாறும். என் செட்டில் ஒவ்வொன்றும் தனி ஆள்.

மூலப் பொம்மையைக் களிமண்ணில் கையால் செய்வேன். அதிலிருந்து அச்சு எடுத்துவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டே போகலாம். அச்சில் போட யாராலும் முடியும். மூலம்தான் விஷயம்.

போன தை மாதம் நான் மனதில் வைத்திருந்த செட், பட்டுக் கடையில் கல்யாணப் புடவை எடுக்கிற குடும்பம். கடைக்காரர் புடவையை விரிப்பார். கல்யாணப் பெண் ஒன்றைப் பார்ப்பாள், வரப்போகிற மாமியார் வேறொன்றைப் பார்ப்பார், பெண்ணின் அப்பா விலைச்சீட்டை மட்டும் பார்ப்பார். இந்த ஊரில் தினமும் நடக்கிற கூத்து. அதைக் கொலுப்படியில் ஏற்ற எவனுக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது.

தோன்றி என்ன, என் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. உடம்பும் புடவை மடிப்பும் வந்துவிடும். கொட்டைப்பாக்கு அளவு முகத்தில் மாமியாரின் உதட்டுச் சுழிப்பு வரவில்லை. கத்தி ஒரு நூல் தள்ளிப் போனால் சுழிப்பு சிரிப்பாகிவிடுகிறது. சிரிக்கிற மாமியார் எனக்கு எதற்கு? செய்த முகத்தையெல்லாம் பிசைந்து மறுபடி களிமண்ணாக்கினேன். வெளியே போகும்போது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

அப்படியும் தெரிந்துவிட்டது. வருஷா வருஷம் என்னிடம் சரக்கு எடுக்கும் சென்னை வியாபாரி போன் செய்தார்.

"பெரியவருக்குக் கை போச்சுன்னு பேசிக்கினு இருக்காங்களே. நான் வேணா வேற ஆள்கிட்ட மூலம் வாங்கித் தர்றேன். உங்க அச்சுல போட்டுக்குங்க."

என் பட்டறையில் இன்னொருவன் செய்த முகம். அதற்குப் பதில் நான் பட்டறையைப் பூட்டிவிட்டு டீக்கடை வைக்கலாம்.

"சித்திரையில வந்து பாருங்க. என் முகம்தான் இருக்கும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வாய் சொல்லிவிட்டது, கை அல்லவா செய்ய வேண்டும்.

என் மகள் செவிலிமேட்டில் குடியிருக்கிறாள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உருவம் செய்து தருவது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு பெட்டியும், இரண்டு கைக்கும் இரண்டு ரிமோட்டும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"இத மாட்டிக்கினா காத்துல களிமண்ணு பிசையலாம்பா."

"காத்துல பிசைஞ்சி இன்னா பண்றது?"

"பிரிண்டர்ல போட்டா பிளாஸ்டிக்கா கையில வந்துடும். அதுல நீ அச்சு எடுத்துக்கோ."

செருப்பைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டேன். பட்டறை மறைந்து சாம்பல் நிறத்தில் ஒரு வெட்டவெளி, நடுவில் ஒரு உருண்டை தொங்கியது. வலது ரிமோட்டை அழுத்தினால் மண் சேர்கிறது, வேறு பொத்தானில் சுரண்டுகிறது. இடது ரிமோட்டால் உருண்டையைப் பிடித்துத் திருப்பலாம். கனமும் இல்லை, ஈரமும் இல்லை. வழக்கப்படி முதலில் ஒரு பிள்ளையார் பிடித்தேன். நான் செய்வதெல்லாம் மகளின் லேப்டாப்பில் தெரிந்தது. என் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"காத்துல பிடிச்ச பிள்ளையாருக்குக் கொழுக்கட்டையும் காத்துலயே படைச்சிடு" என்றாள்.

அடுத்து மாமியாரைத் தொடங்கினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. களிமண்ணில் வேலை செய்கிறவன் விரலை நனைத்துக்கொண்டே இருப்பான். என் இடது பக்கம் எப்போதும் தண்ணீர்ச் சட்டி இருக்கும். கண் மூடியிருந்தாலும் கைக்கு இடம் தெரியும். ரிமோட்டோடு கையைச் சட்டியில் முக்கிவிட்டேன்.

மகள் ரிமோட்டைப் பிடுங்கி உதறினாள்.

"காத்துக்கு எதுக்குபா தண்ணி?" என்றாள் மகள்.

"காஞ்சிடக் கூடாதுன்னுதான்."

இடது ரிமோட் அதோடு செத்தது. சரிசெய்து எடுத்து வருகிறேன், அதுவரை பொறு என்றாள். சித்திரை பொறுக்குமா? முகத்தைத் திருப்ப முடியாவிட்டால் போகட்டும், அதைச் சுற்றி நான் நடக்கிறேன் என்றேன்.

முகத்தைப் பழக்கதோஷத்தில் பாக்கு அளவில்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கேயும் கை நடுங்கியது, அங்கேயும் உதடு சிரித்தது. அப்போதுதான் அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினோம். அந்த யோசனை தன்னுடையது என்கிறாள் மகள். நான்தான் கேட்டேன் என்பது என் கட்சி. எப்படியோ, கோயில் கதவு மாதிரி ஒரு முகம் என் எதிரே நின்றது. உதடு மட்டும் என் கை நீளம். கை நடுங்கியது நடுங்கியபடிதான் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய உதட்டில் அந்த நடுக்கம் ஒரு சின்னச் சுருக்கம். மறுபடி பாக்கு அளவுக்குச் சுருக்கினால் அதுவும் காணோம்.

சுற்றிச் சுற்றி வந்து செய்தேன். ஒரு தடவை அலமாரியில் இடித்துக்கொண்டேன்.

"கோயில்ல ஒரு சுத்துக்கே கால் வலிக்குதுன்னு உக்காந்துக்குவாரு. மாமியாருக்குப் பாரு, எத்தினி பிரதட்சிணம்" என்றாள் மனைவி. பிறகு லேப்டாப்பை உற்றுப் பார்த்தாள். "அட, இது எங்கம்மா மூஞ்சி."

"எனக்குத் தெரிஞ்ச மாமியார் அவங்க ஒருத்தர்தானே."

கொலு பொம்மைக்கு முதுகில் வேலை செய்வது எங்கள் வழக்கமில்லை. படியில் ஏறினால் முதுகைச் சுவர்தான் பார்க்கும். ஆனால் சுற்றி நடக்கும்போதெல்லாம் மொட்டையாக ஒரு பின்மண்டை எதிரே வந்து உறுத்தியது. ஒரு கொண்டை வைத்தேன். பூ வைத்தேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில் மீதிப் பேரையும் முடித்தேன். மகள் தலைகளைப் பிரிண்ட் எடுத்து வந்தாள், களிமண் உடம்பில் பொருத்தி, அச்சு எடுத்து, கூழ் போட்டு, வர்ணமும் தீட்டி, கண் திறந்தாயிற்று.

சித்திரையில் வியாபாரி வந்தார். செட்டைப் பார்த்தவர் மாமியாரிடம் வந்ததும் நின்றார். எடுத்தார். வழக்கம்போல் கூழின் கனம் பார்க்கத் திருப்பினார். கொண்டையும் பூவும் இருந்தன. முப்பது வருஷமாகப் பொம்மை வாங்குகிற மனுஷன், முதுகில் எதையும் பார்த்ததில்லை.

"யாராண்ட மூலம் வாங்கினீங்க?" என்றார்.

மனைவி டீ கொண்டுவந்தாள். அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி நானே அவரிடம் நீட்டினேன், வலது கையால். டீ தளும்பி என் விரலில் வழிந்தது. அவர் கையைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார்.

"இந்தக் கைதான்" என்றேன். "முகத்த ஆளுயரத்துக்கு நிக்க வெச்சி, சுத்தி வந்து செஞ்சது."

அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் பொம்மையைக் கீழே வைக்கவில்லை.

"எல்லாத்துக்கும் கொண்டை வருமா?"

"அச்சுலயே இருக்குது."

"அப்போ இந்த வருஷம் இதுதான். வேற யார்கிட்டயும் பேசப் போறதில்ல" என்றார்.

வெளியே போகும்போதும் துண்டு இப்போது என் தோளில்தான் கிடக்கிறது.