அழித்துவிட்ட நேர்காணல்

வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்த எங்கள் அணியில் முஸ்லிம் பிள்ளை நான் ஒருத்திதான். அதனால் நான்காம் வருட ஆய்வுக்கு என்ன தலைப்பை எடுப்பேன் என்று நான் வாய் திறக்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த எரிச்சலில் ஒல்லாந்தர் காலத்து வரிகளைப் பற்றி எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அவர்கள் நினைத்ததையே எழுதினேன். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதமேந்திய தமிழ் இயக்கத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதியாகக் கிடந்து, பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் கதை. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நான் பிறந்ததே புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில்.

எனக்கு மேற்பார்வையாளராக வந்த சேர் மரியாதையான மனிதர். யாரையும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். என் முன்மொழிவை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்ல தலைப்பு, பிள்ளை. ஆனா உங்கடை ஆக்களிட்டை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தீரெண்டா அது ஆய்வில்லை, முறைப்பாடு. மற்றப் பக்கமும் வேணும்."

என்னோடு படித்த தோழி ஒருத்தி காங்கேசன்துறையில் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவர்தான் மேற்பார்வை. இராணுவத்திடமும் போய்க் கேட்டுக்கொண்டு வா என்று அவளிடம் அவர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாதுதான். அதை நான் அவரிடம் கேட்கவில்லை. "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைத் தேடிச் சைக்கிளை எடுத்தேன்.

எங்கள் தெருக்களை அண்டிய தமிழ் வீடுகளுக்கெல்லாம் போனேன். ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. எல்லோரும் கதிரை தந்தார்கள், குடிக்கத் தந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருவருக்கு ஞாபகமில்லை, இன்னொருவர் அந்த நேரம் கொழும்பிலே. ஓர் அம்மா, "நாங்கள் பட்டது கொஞ்சமே பிள்ளை?" என்று தொடங்கித் தன் மகன் இராணுவத்தின் செல்லடியில் செத்த கதையைச் சொல்லி அழுதார். அதையும் எழுதிக்கொண்டேன். கேட்டதற்கு அது பதிலில்லை, ஆனால் அழுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

பல வாரம் அலைந்த பிறகுதான் மாஸ்டரைக் கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி இல்லை, மகள் கனடாவில். நான் யாரென்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு மத்தியான வெயிலுக்குக் கதவைச் சாத்திவிட்டு, "சரி, பதிவு பண்ணும்" என்றார்.

அவருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் தையல்காரர் இருந்திருக்கிறார். முஸ்லிம்கள் எல்லோரையும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்த அன்று, சந்தியில் இயக்கத்தினர் துப்பாக்கிகளோடு மறித்துச் சனத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் ஒரு போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அந்தக் குடும்பத்தைத் தேடிப் போயிருக்கிறார்.

"துவக்கோடை நிண்ட பெடியன் என்னட்டைப் படிச்சவன். 'எங்கை போறியள் மாஸ்டர்?' எண்டு கேட்டான். 'சும்மா' எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி வந்திட்டன். வீட்டை வந்து அந்தத் தேத்தண்ணியை நானே குடிச்சன் பிள்ளை. ஊத்தி எறிய மனம் வரேல்லை."

அவராகவே எழுந்து அறைக் கதவைத் திறந்து உள்ளே காட்டினார். கறுத்த மரத்தில், கண்ணாடி வைத்த பெரிய அலுமாரி.

"பிறகு உங்கடை ஆக்களின்ரை சாமான்களை இயக்கக்காரர் கடை போட்டு வித்தவை. பாத்த உடனை எனக்குத் தெரியும், தையல்காரரின்ரை அலுமாரி. வேறை ஆரும் கொண்டுபோகாமல் நான் வாங்கி வைச்சன். வந்தா குடுக்கலாமெண்டு."

"அவர் வந்தவரோ மாஸ்டர்?"

"ஒருக்கா வந்தவர். சண்டை நிண்டு பாதை திறந்த நேரம் வீட்டைப் பாக்க வந்தவர். கேற்றடியிலை நிண்டு கதைச்சம். உள்ளை வாங்கோ எண்டு நான் கூப்பிடேல்லை. கூப்பிட்டா இதைக் காண்பாரெல்லே. கண்டா என்ன நினைப்பாரெண்டு பயந்திட்டன். பிறகு அவர் புத்தளத்திலேயே மவுத்தாகிப் போட்டாராம்."

சாவுக்கு நாங்கள் சொல்லும் சொல்லை, மவுத்து என்பதை, அவர் எவ்வளவு இயல்பாகச் சொன்னார் என்பது வீட்டுக்கு வந்து பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கே எழுதத் தொடங்கினேன். அந்த அத்தியாயம் மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பிறகும் எழுதவில்லை. அதை வாசித்த சேர், "இதுதான் ஆய்வு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

கட்டுரை ஒப்படைக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். குரல் ஒடுங்கியிருந்தது.

"பிள்ளை, அதை அழிச்சுப்போடும். மகளிட்டைச் சொன்னன். அவ என்னை ஏசிப்போட்டா. அங்கை கனடாவிலை உள்ள எங்கடை ஆக்கள் அறிஞ்சா இயக்கத்தைப் பற்றிக் குறை சொன்னதெண்டுதான் எடுப்பினமாம்."

"பேர் போடமாட்டன் மாஸ்டர். ஒழுங்கையையும் மாத்திப்போடுறன்."

"அலுமாரி எண்டா ஊருக்குத் தெரியும்."

"அலுமாரியை எடுத்துவிடுறன்."

"எல்லாத்தையும் அழிச்சுப்போடும் பிள்ளை. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அந்த வயதில் ஒருவர் அப்படிக் கேட்ட பிறகு நான் என்ன செய்ய? உம்மாவிடம் போய்ச் சொன்னேன். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அழிச்சிடு மகள். அவர் அவ்வளவு சொன்னதே பெரிய விஷயம்" என்றார். துரத்தப்பட்டவர் உம்மா. அவருக்கே வராத கோபம் எனக்கு ஏன் வருகிறது என்று தெரியாமல், உம்மாமேல்தான் அதிகம் கோபப்பட்டேன். அழித்தேன். அதன் எழுத்துப் பிரதியையும் அந்த அத்தியாயத்தையும் அழித்தேன்.

சேரிடம் சொன்னபோது அவர் தலையாட்டினார். "சம்மதத்தைத் திரும்ப எடுத்தா நாங்கள் பாவிக்கேலாது. நீர் செய்தது சரி. ஆனா இப்ப உம்மடை ஆய்வு ஒருபக்கமாப் போச்சு." தமிழ் அயலவர்கள் பேச விரும்பவில்லை என்பதையும், பேசியவர் ஒருவர் பின்வாங்கியதையும் ஒரு பந்தியாக எழுதிக் கொடுத்தேன். அதற்கும் குறுக்கே கோடு இழுத்தார். "ஆதாரம் இல்லாமல் ஒரு சமூகத்தைப் பற்றி இப்பிடிச் சொல்லக்கூடாது" என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். என் கட்டுரையின் பின்னாலிருந்த நேர்காணல் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"நேர்காணல் குடுத்தவை எல்லாரும் முஸ்லிம் ஆக்கள். தமிழ் ஆக்களிட்டை நீர் போகவேயில்லையோ?"

"போனனான் சேர். ஆரும் பேச விரும்பேல்லை."

"அப்ப அதையெல்லோ எழுதியிருக்கவேணும்? அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தானே!"

நான் என் சேரைப் பார்த்தேன். அவர் கட்டுரையின் ஏதோ ஒரு பக்கத்தைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பந்தியை வெட்டியது யார் என்று நான் சொல்லியிருக்கலாம். பேசினால் எனக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். பேசாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் அப்போது தெரியவில்லை.

இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு கிடைத்தது. உதவி விரிவுரையாளர் இடத்துக்கு என் பெயர் நேர்முகத் தேர்வு வரைக்கும்கூடப் போகவில்லை. தோழி மேற்பிரிவில் சித்தியடைந்தாள். அவளுடைய கட்டுரை நல்ல கட்டுரை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் வரலாறு படிப்பிக்கிறேன்.

போன மாதம் எனக்குப் பின் வந்த மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். தமிழ்ப் பிள்ளை. அதே தலைப்பாம், அதே சேராம்.

"அக்கா, நீங்கள் உங்கடை ஆக்களிட்டை மட்டும்தான் கேட்டதெண்டு சேர் சொன்னவர். நான் மற்றப் பக்கத்தையும் எடுக்கோணுமாம். அந்த நேரம் அங்கை இருந்த ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?"

மாஸ்டர் இன்னும் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். சந்தையில் கண்டால் இருவரும் தலையாட்டிக்கொள்வோம். தமிழ்ப் பிள்ளை போய்க் கேட்டால் ஒருவேளை சொல்லக்கூடும்.

"எனக்கு ஒருத்தரையும் தெரியாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனேன்.