யாகப்பரின் இரண்டாம் நம்பர் கூண்டு

மன்னார்க் கரையில், வங்காலையில், எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருக்காரர் வானிலை கேட்க வானொலியைத் திருகுவதில்லை, யாகப்பரிடம்தான் போவார்கள். இருபது வருடம் மண்டபம் அகதி முகாமில் இருந்து, பாம்பன் துறைமுகத்தில் கூலிக்குப் படகேறியவர். புயல் என்றால் அங்கே கம்பத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர் உண்டு. எந்த நம்பருக்கு என்ன பொருள் என்பது மனிதருக்குச் செபம் போலப் பாடம். ஊர் திரும்பிப் பதினைந்து வருடமாகியும் அந்தக் கம்பம் அவர் தலைக்குள் நின்றது.

நான் பிறின்சி, கிராம அனர்த்தக் குழுவின் செயலாளர். பெயர்தான் பெரிது. மேலிடத்திலிருந்து வரும் எச்சரிக்கையைத் தொலைபேசியில் ஊருக்கு அனுப்புவதே வேலை. முன்பு அது ஒரு பக்கக் கட்டுரையாக வரும், ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். பிறகு நிறப் படமாகச் சுருக்கினார்கள்: மஞ்சள் கவனம், செம்மஞ்சள் ஆயத்தம், சிவப்பு பேராபத்து. பயிற்சியில் வடையும் தேநீரும் தந்து, "இனிச் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். விளங்கியதா என்று ஊரில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடந்த கார்த்திகையில் ஒரு காலை செம்மஞ்சள் வந்தது. அனுப்பினேன். எல்லாரும் பார்த்துவிட்டதாகத் தொலைபேசி காட்டியது. வேலை முடிந்ததென்று உலை வைக்கப் போனேன்.

ஒழுங்கையின் கடைசி வீடு றஞ்சிதத்துடையது. கணவர் சூசைதாசன் பாரிசவாதத்தில் விழுந்து நாலு வருடம். வெள்ளத்துக்கு ஊர் ஒதுங்கும் கோவிலடிப் பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கொண்டுபோவதென்றால் கதிரையில் இருத்தி நாலுபேர் தூக்கவேண்டும். தண்ணீர் வருமுன் புறப்படாவிட்டால் அந்த வீட்டுக்கு வேறு வழியில்லை. றஞ்சிதம் அந்தப் படத்தைக் கொண்டு யாகப்பரிடம் ஓடினாள்.

"அண்ணை, இதுக்கு வெளிக்கிட வேணுமோ?"

யாகப்பர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணினார். "மஞ்சள் ஒண்டு, இது ரெண்டு. பாம்பனில ரெண்டாம் நம்பர் ஏத்தினால் புயல் எங்கயோ தூரக் கடலில நிக்குது. கரைக்கு ஒண்டும் செய்யாது. அந்த மனிசனை மழைக்குள்ள அலைக்காதை, பிள்ளை. ஆபத்தெண்டால் நான் வந்து சொல்லுறன்."

பதினொன்றில் இரண்டும் மூன்றில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அவர் அளந்துவிடவில்லை. தனக்குத் தெரிந்ததை நம்பிச் சொன்னார். அவரை நம்பி ஒழுங்கையே வீட்டில் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் காற்று கூரைத் தகரங்களைக் கிளப்பியது. இரண்டு மணிக்குக் குளங்கள் நிரம்பி வழிந்த வெள்ளம் ஒழுங்கைக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. ஓடக்கூடியவர்கள் ஓடினோம். யாகப்பர் மட்டும் எங்களுக்கு எதிரே, கடைசி வீட்டை நோக்கிப் போனார். தனியாளாகத் தூக்க முடியவில்லை. கட்டிலில் ஏறி இருந்து, சூசைதாசனைத் தன் நெஞ்சில் சாய்த்து, முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டார். றஞ்சிதம் யன்னலில் நின்று கத்தினாள். வள்ளம் வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது.

சூசைதாசன் பிழைத்தார். ஆனால் நெஞ்சில் சளி கட்டி, மன்னார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். யாகப்பர் நாள் தவறாமல் போய் வாசலில் நின்றார், உள்ளே போகவில்லை. ஒருநாள் றஞ்சிதம் வெளியே வந்தாள்.

"நீங்கள் வந்தபடியாத்தான் அவர் உயிரோட இருக்கிறார், அண்ணை."

"நான் சொன்னபடியாத்தான் நீங்கள் வீட்டில இருந்தனீங்கள்" என்றார் அவர்.

பிழை எனதும்தான் என்று நான் அவரிடம் சொன்னேன். அதன்பிறகு நிறத்தை அனுப்புவதோடு நான் விடுவதில்லை. வீடு வீடாகப் போய், "இதைப் பாத்து என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்கிறேன். சிலருக்கு என்னைக் கண்டாலே எரிச்சல், இருக்கட்டும்.

மார்கழியில் மஞ்சள் வந்தது. காலை ஏழு மணி, பளிச்சென்ற வெயில். நான் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, நாலுபேர் சூசைதாசனைக் கதிரையோடு தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். கதிரையின் முன்காலைப் பிடித்திருந்தவர் யாகப்பர்.

"என்ன அண்ணை, ஒண்டாம் நம்பருக்கே வெளிக்கிட்டாச்சோ?" என்று வேலிக்குள்ளிருந்து ஒருவர் பகிடி விட்டார்.

"எனக்கு நம்பர் தெரியாது. இந்த மனிசனைத் தூக்க நேரம் வேணும், அதுதான் தெரியும்" என்றார் யாகப்பர், நிற்காமல்.

அன்று ஒரு துளி மழையும் பெய்யவில்லை. மறுநாள் அதே நாலுபேர் அவரைத் திருப்பித் தூக்கி வந்தார்கள். "வீண் அலைச்சல்" என்று வேலிக்காரர் சொல்ல, சூசைதாசன் கையை அசைத்துக் கதிரையை நிறுத்தச் சொன்னார். வாய் குழறும், ஆனால் எல்லாருக்கும் விளங்கியது.

"நாலு வருசத்துக்குப் பிறகு கோவில் வாசலைப் பாத்தனான். அடுத்த மஞ்சள் எப்ப வரும்?"

யாகப்பர் கதிரையை விடாமல், நடு ஒழுங்கையில் நின்று அழுதார்.