தீவிலிருந்தவனுக்குச் சொல்லாத சாவு

நானும் மனைவியும் ஒரு கிரேக்கத் தீவுக்குப் பறந்தது சனிக்கிழமை. டென்மார்க்கில், ஓல்போர்க் நகரில், என் நண்பன் மாரடைப்பில் இறந்தது திங்கள் காலை. அவனை எரித்தது வெள்ளி. நான் திரும்பி வந்தது அதற்கு அடுத்த நாள் மாலை. எனக்கு எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதிவைக்கும் பழக்கம். இந்த நாட்களை எழுதும்போது துக்கத்துக்கு முன் கோபம் வருகிறது. தீவிலிருந்து டென்மார்க்குக்கு விமானத்தில் நாலு மணித்தியாலம்கூட இல்லை.

டென்மார்க்குக்கு வந்த முதற் குளிர்காலத்தில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள் அவனும் நானும். ஒரே ஹீட்டரில் இரண்டு பேரின் காலுறைகளும் காய்ந்தன. இந்தத் தீவுக்கு நான் புறப்படும் முன் தொலைபேசியில் நக்கலடித்தான்.

"எஸ்பியர்க்கில உன்ர வாசலில கடல் கிடக்கு. நீ பிளேன் ஏறிக் கடல் பாக்கப் போறாய், என்ன மச்சான்? போட்டோவை அனுப்பு, சிரிக்க வேணும்."

அனுப்பினேன். ஞாயிறன்று வெள்ளைச் சுவர் வீடுகளுக்கு நடுவே நின்ற படம். "வயித்தை உள்ளுக்கு இழு, தீவு தெரியேல்லை" என்று பதில் வந்தது. செவ்வாயும் புதனும் அனுப்பினேன். வாசித்ததைக் காட்டும் நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. வியாழன் காலை, கடற்கரையில் சாய்ந்து படுத்தபடி எழுதினேன்: "என்னடா, செத்துப் போனியோ?"

அதற்கும் நீலக் குறி விழுந்தது.

செவ்வாய்க்கான என் குறிப்பில் இப்படி இருக்கிறது: "கடும் வெயில். இவள் சாப்பிடவில்லை." வெயிலால் அல்ல. திங்கள் இரவே என் மனைவியின் தமையன் அவளுக்குச் சாவுச் செய்தி சொல்லி, எனக்குச் சொல்ல வேண்டாமென்று கட்டளையும் போட்டிருந்தார்.

விமான நிலையத்தில் எங்களை ஏற்ற வந்தவரும் அவர்தான். காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, ஆறுதலாக் கேளும்" என்று தொடங்கி, செத்ததையும் எரித்ததையும் சொல்லி முடித்தார். "சந்தோசமாப் போன ஆக்களை இடையில ஏன் குழப்புவான் எண்டு பாத்தன்."

பின் இருக்கையில் இவள் அழுதாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தூரப் போனவனுக்குச் சாவைச் சொல்லாதே, வந்த பிறகு மெதுவாகச் சொல் என்பது எங்களவரின் வழக்கம். கடிதம் கிழமைக்கணக்கில் பயணித்த காலத்தில் அதில் ஏதோ இரக்கம் இருந்திருக்கலாம். கையில் தொலைபேசி உள்ளவனிடமிருந்து நண்பனின் கடைசி முகத்தை ஒளித்துவைப்பது என்ன இரக்கம்? என் துக்கத்துக்கு நேரம் குறிக்க இவர் யார்?

மறுநாள் காலை ஓல்போர்க் போனோம். காரை அவர்தான் ஓட்டினார், வாய் ஓயாமல் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு. நண்பனின் மனைவி கூடத்தில் இருந்தா. என்னை இருக்கச் சொல்லவில்லை.

"இப்பதான் வர முடிஞ்சதோ அண்ணை?"

"எனக்கு நேற்றுத்தான்..."

"உங்கட மெசேஜை அவற்ற போனில நான்தான் பாத்தனான். உங்களுக்குத் தெரியாதாக்கும் எண்டு உடன இவருக்குப் போன் அடிச்சன்." என் மைத்துனரைக் காட்டினா. "'சொல்லிப்போட்டம், டிக்கெட் மாத்தேலாதாம்' எண்டார். அப்பிடியெண்டால் தெரிஞ்சுகொண்டும் நீங்கள் வரேல்லை எண்டு நினைச்சன். பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். உங்கட இடத்தில மகள் நிண்டவள்."

நான் மைத்துனரைப் பார்த்தேன். அவர் கம்பளத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, இவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். வீடு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். "வியாழன் சொல்லியிருந்தாலும் நான் வெள்ளி விடிய இங்க நிண்டிருப்பன்."

"தம்பி, செத்த வீட்டில சத்தம் போடாதையும்" என்றார் அவர்.

"அண்ணை சத்தம் போடட்டும்" என்றா நண்பனின் மனைவி. "நீங்கள் எழும்பி வெளியில போங்கோ."

அவர் எழும்பிப் போனார். அதன் பிறகுதான் அவ எனக்கு இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டா.